அத்தை உயரத்துல ஒரு வாசக்கால்

மெசின் ஒன்னு வீட்ல இருந்துட்டா பாஸ் ஆயிரலாம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லிக்கிறேன். ஆவ முடியாது. (எங்க பக்கம் மரவேல செய்யறவங்கள பாஸ்னுதான் கூப்பிடுவாங்க, தமிழ் ஆளோ சிங்கள ஆளோ.) நான் ஒரே ஒரு நாள் பாஸா இருந்து பாத்தேன். அதோட பலன இன்னிக்கும் எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் நெத்தியில வாங்கிக்கிட்டுப் போறாங்க.

மொதல்ல அந்த மெசினப் பத்திச் சொல்லிடறேன். மேச மேல முடுக்கி வைக்கிற சின்ன மெசின். நிக்கிற தினுசப் பாத்தா கொக்கு மாதிரி இருக்கும். கொக்கோட மூக்கு இருக்கிற எடத்துல சதுரமா ஒரு இரும்புக் குழா. குழாயோட வாய் நாலு பக்கமும் உளி மாதிரி கூரு. அதுக்குள்ள ஒரு துளையூசி சுத்தும். பக்கத்துல இருக்கிற நீட்டுக் கைய இழுத்தா கொக்கு எறங்கி மரத்தக் கொத்தும். ஊசி சுத்தறது வட்டமா, ஆனா ஓட்ட விழறது சதுரமா. அந்த ஓட்டையில இன்னொரு மரத்து நாக்கச் சொருகுனா ஆணியே தேவயில்ல. எங்க லயத்துல, அதாவது தேயிலத் தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிச வீட்டுல, அதுக்கு வச்ச பேரு ஓட்ட மெசின்.

அப்பா அத ஹட்டன்ல ஒரு பழைய சாமான் கடையில வாங்குனாரு. பஸ்ல மடியில வச்சு, மழ படாம கம்பளிய போத்தி, பச்சப்புள்ளயக் கொண்டு வர்ற மாதிரி டிக்கோயாவுக்கு மேல எங்க தோட்டம் வரைக்கும் கொண்டு வந்தாரு. கண்டக்டர் கம்பளியத் தூக்கிப் பாத்துட்டு, "அண்ணே, புள்ள அப்பா ஜாடையா, அம்மா ஜாடையா?"ன்னு கேட்டானாம்.

அப்பாவுக்கு வேல ஸ்டோர்ல, அதாவது தேயிலத் தூள் அரைக்கிற எடத்துல. வேல முடிஞ்சு வந்து ஸ்டூலு, கட்டிலுன்னு செய்வாரு. அவரு பென்சிலால கோடு போடுவாரு. மட்டம் வச்சுப் பாத்து அழிப்பாரு. திரும்பவும் போடுவாரு. அப்புறந்தான், "ம், இழு தாயி"ம்பாரு. நான் கைய இழுப்பேன். இழுத்து இழுத்து எனக்கு வேல தெரியும்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. பஸ்ல மணி அடிக்கிறவன் தனக்கு பஸ் ஓட்டத் தெரியும்னு நெனைக்கிற மாதிரிதான்.

அப்பா நல்ல ஒசரம். நானும் அவரு மாதிரியே. எங்க லயத்துக் காம்பரா (ஒத்த ரூம்பு வீடு) வாசல் குட்ட. தெனமும் வேல முடிஞ்சு வரும்போது 'டொக்'குனு ஒரு சத்தம் கேக்கும். அப்பா வந்துட்டாருன்னு அர்த்தம். அம்மா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, டீய ஊத்துவாங்க. அப்பா நெத்தியத் தேச்சுக்கிட்டே கதவு நெலயப் பாத்து, "சரி, இன்னிக்கும் நீதான் ஜெயிச்ச"ன்னு சொல்லிட்டு உள்ள வருவாரு.

அப்புறம் எங்களுக்கும் வீடு கட்டிக்கச் சொல்லி தோட்டத்துலயே ஒரு துண்டுக் காணி கெடச்சுச்சு. லயத்துக்கு மேல, மேட்டுல. அப்பா மொதல்ல செஞ்ச காரியம் என்ன தெரியுமா? அத்திவாரம் வெட்டறதுக்கு முன்னாடியே கினிகத்தேனப் பக்கம் போயி வாசக்காலுக்கு நல்ல பலா மரம் வாங்கிட்டு வந்துட்டாரு. "நம்ம வீட்டு வாசக்கால நம்ம மெசின்லதான் செய்யணும். நான் தலையக் குனியாம உள்ள போவணும்"னாரு.

போன மழ காலத்துல அப்பா போயிட்டாரு. நெஞ்சு வலி. காலையில டீ குடிச்சுட்டுப் போனவரு. அவ்வளவுதான், அதுக்கு மேல அதப் பத்தி எனக்கு எழுத வரல.

மெசின் மேல அப்பா கட்டுற சாரம் (லுங்கி) ஒன்னப் போத்தி வச்சிருந்தோம். அம்மா அந்தப் பக்கமே பாக்க மாட்டாங்க. டிக்கோயாவுல ஒரு தம்பி அத வாங்கிக்கிறேன்னு வந்து நின்னுச்சு.

"குடுத்துருவோம் கலா. அதப் பாக்கறப்பல்லாம் அவரு பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு"ன்னாங்க அம்மா.

"நான் வாசக்கால் செய்யறேம்மா."

"நீயா?"

"நாந்தான எல்லா ஓட்டையும் போட்டேன்?"

அம்மா மொத தடவையா அந்தச் சாரத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம், "சரி. வாசக்கால ஒழுங்காச் செஞ்சு நிறுத்திக் காட்டு. மெசின் ஒனக்கு. இல்லாட்டி அந்தத் தம்பிகிட்டக் குடுத்துருவேன்"னாங்க.

எனக்கு மெசின் போயிரும்னு பயமில்ல. அப்பா ஆசப்பட்டு வாங்குன சாமான் அதுதான். அது போனா அவரு ரெண்டாவது தடவ போற மாதிரி. அந்தப் பயந்தான்.

கோடு போடத் தெரியாதுன்னு எனக்கே தெரியும் (அந்தளவுக்கு அறிவு இருந்துச்சு). அதனால பஜார்ல இருக்கிற சோமே பாஸக் கூட்டிட்டு வந்தேன். சிங்கள ஆளு, அப்பாவுக்கு நல்ல கூட்டாளி. வாசக்காலுக்கு நாலு துண்டு மரம். நெட்டமா நிக்கிற காலு ரெண்டு, மேல ஒரு குறுக்குக் கட்ட, கீழ ஒரு படி. கட்டைக்கும் படிக்கும் நாக்கு வெட்டி அவரே குடுத்துட்டாரு. கால்ல ஓட்ட போடறது மட்டும் பாக்கி.

"ஓட்டையும் நான் போட்டுத் தாறேன் நங்கி"ன்னாரு. நங்கின்னா தங்கச்சி.

"வேணாம் பாஸ். அத நாந்தான் போடணும்."

அவரு என் மொகத்தப் பாத்தாரு. செவப்புச் சாக்கட்டிய எடுத்துக்கிட்டு கால் மரத்துகிட்டக் குந்துனாரு. அன்னிக்குன்னு பாத்து எனக்கு ஹட்டனுக்குப் போயி துளையூசியத் தீட்டிட்டு வர வேண்டியிருந்துச்சு. பஸ் வளைவுல ஹாரன் அடிக்குது. நான் ஓடுறேன். பின்னாலருந்து பாஸ் கத்துறாரு:

"நங்கி! எங்கே சிவப்பு இருக்கோ, அங்கே ஓட்டை! வேறே எங்கயும் வேணாம்! அரித?"

"அரி பாஸ்!"னு, அதாவது சரின்னு, கத்திட்டு பஸ்ஸ புடிச்சேன். அவரு போட்ட அடையாளத்த நான் கண்ணால பாக்கவே இல்ல. இது முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க. பாஸ் அடையாளம் போட்டு முடிச்சுட்டு கொத்மலையில இருக்கிற மக வீட்டுக்குக் கெளம்பிப் போயிட்டாரு.

அவரு போனாரு, அத்த வந்தாங்க.

அங்கம்மா அத்த அப்பாவோட தங்கச்சி. பொல்பிட்டியவுல வாக்கப்பட்டவங்க. அப்பா ஏணின்னா அத்த ஏணியில பாதி. பக்தி மட்டும் ரெண்டு ஏணி ஒசரம். வாசக்கால் வைக்கப் போறோம்னதும் மஞ்சத்தூளு, குங்குமம், சூடம் எல்லாத்தையும் பையில அடச்சுக்கிட்டு வந்துட்டாங்க. வந்தவங்க இஸ்தோப்புல (முன் திண்ணையில) பலா மரம் சும்மா கெடக்கறதப் பாத்திருக்காங்க. "வாசல்ல லெச்சுமி நிக்கப் போற மரம். யாரோ செவப்புச் சாக்கால கிறுக்கி வச்சிருக்கான்"னு ரெண்டு காலையும் செவுத்துல நிமித்தி வச்சு, தண்ணி ஊத்தி, தேங்காநாராலத் தேச்சுக் கழுவியிருக்காங்க. அப்புறம் அடியிலருந்து நுனி வரைக்கும் மஞ்சள். மஞ்சளுக்கு மேல குங்குமப் பொட்டு. கீழ ஒன்னு, நடுவுல ஒன்னு, மேல கை சொகமா எட்டுன எடத்துல ஒன்னு. ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி. காஞ்சதும் பத்திரமா படுக்க வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில நான் மெசின் மேல இருந்த சாரத்த எடுத்தேன். மரத்தப் பாத்தேன். மஞ்ச பூசுனது அத்தன்னு புரிஞ்சுச்சு. செவப்பு இருந்துச்சு. பாஸ் செவப்புன்னுதான சொன்னாரு?

'ஏன் வட்டமா இருக்கு?'ன்னு ஒரு நொடி யோசிச்சேன். பதிலும் நானே கண்டுபுடிச்சேன்: துளையூசி சுத்தறது வட்டமாத்தான, அதனால பாஸ் வட்டம் போட்டிருக்காரு. 'நடுவுல எதுக்கு ஒன்னு?' அதுக்கும் பதில் வந்துச்சு: பூட்டுக்கு. 'ரெண்டு பக்கமும் பூட்டா?' பாஸ் பாதுகாப்பா யோசிச்சிருக்காரு. (என் மூள அன்னிக்கு அவ்வளவு வேகமா ஓடுச்சு. தப்புப் பக்கம்.)

நீட்டு மரம் மேசையில நிக்காதுன்னு ரெண்டு பக்கமும் வாளியக் கவுத்து முட்டுக் குடுத்தேன். கைய இழுத்தேன். கொக்கு எறங்கிக் கொத்துச்சு. எங்க லயத்துல மெசின் ஓடுனா எல்லாக் காம்பராவுலயும் லைட்டு மங்கும். பக்கத்துக் காம்பராவுலருந்து செவுத்தத் தட்டுறாங்க: "ஏ கலா, நிப்பாட்டுடி! நாடகத்துல அவ இப்பத்தான் உண்மயச் சொல்லப் போறா!" நான் நிப்பாட்டல. ஊசி குங்குமத்தையும் மஞ்சளையும் வாரி என் மொகத்துல அடிச்சுச்சு. பலா மரம் சூடாகி, அது மேல இருந்த மஞ்ச கருகி, இஸ்தோப்பு பூரா கோயில் வாசம். தண்ணிக் கொடத்தோட அந்தப் பக்கம் வந்த அத்த என்னப் பாத்துட்டு, "பொட்டு வச்ச எடத்துலயே ஓட்ட போடறாளே! இந்தக் காலத்துல யாருக்கு இவ்வளவு பக்தி இருக்கு!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் பெருமையா சிரிச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாராட்டிக்கிட்டே எங்க குடும்பத்து வாசல முடிச்சோம்.

ஓட்டைங்க மட்டும் அழகு. விரல விட்டுத் தடவிப் பாத்தேன், நாலு மூலையும் கூரா, உள்ள வழுவழுன்னு. அப்பா இருந்திருந்தா ஒன்னும் சொல்லாம பீடியப் பத்த வச்சிருப்பாரு. அவரு பாராட்டறது அப்படித்தான்.

அதுக்கு மறுநாள் நல்ல நேரம். வாசக்கால லயத்துலயே கூட்டுனா ஒத்தையடிப் பாதையில தூக்கிட்டுப் போவ முடியாதுன்னு, துண்டு துண்டா மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். நான் முன்னால, பாஸ் நடை நடந்துக்கிட்டு. சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், பூசாரி, முத்து மேசன் எல்லாரும் நிக்கிறாங்க. அம்மா மட்டும் தள்ளி, தண்ணிப் பைப்புகிட்ட நின்னாங்க. புருசன் இல்லாதவங்க வாசக்காலத் தொடக்கூடாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு இன்னி வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க.

கால் ரெண்டையும் தரையில படுக்க வச்சு, நாக்க ஓட்டையில வச்சு, மரச்சுத்தியால தட்டுனேன். சிக்குனு எறங்குச்சு. ஒரு மசுரு எடவெளி இல்ல. "பாத்தீங்களா!"ன்னு சுத்திப் பாத்தேன்.

"நேரம் வந்துருச்சு, நிமித்துங்க!"ன்னாரு பூசாரி.

நிமித்துனோம்.

தப்பு அடிச்சுக்கிட்டிருந்தவரு டக்குனு நிப்பாட்டிட்டாரு.

குறுக்குக் கட்ட என் கழுத்துக்கு நேரா நிக்குது. அதுக்கு மேல ரெண்டு காலும் எரும கொம்பு மாதிரி வானத்தப் பாத்துப் போவுது. கீழ படி, மொழங்கால் ஒசரத்துல தொங்குது. நடுவுல ரெண்டு ஓட்ட, ரெண்டு கண்ணு மாதிரி என்னயவே பாக்குது.

"ஏம்மா கலா, இது வீட்டுக்கா, ஆட்டுப் பட்டிக்கா?"ன்னாரு முத்து மேசன். கூட்டத்துல ஒருத்தன், "கோல் கம்பம்டா! பந்து எங்க?"ன்னான்.

அப்ப அத்த கூட்டத்த வெலக்கிட்டு வந்தாங்க. சேலைய ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு படியத் தாண்டி, வாசலுக்குள்ள பூந்து, அந்தப் பக்கம் போயி திரும்பி நின்னாங்க. தலையில எதுவும் படல.

"எனக்குச் சரியாத்தான இருக்கு?"ன்னாங்க.

அவங்க உச்சந்தலையும் குறுக்குக் கட்டையோட அடியும் ஒரே மட்டம். அப்பத்தான் அவங்க நெத்தியில இருந்த குங்குமம் என் கண்ணுல பட்டுச்சு.

"அத்த... அந்தச் செவப்பு... நீங்க வச்ச பொட்டா?"

"பின்ன யாரு வச்சா? ஏன் புள்ள, பொட்டுத் தெரியாதா ஒனக்கு?"

"அப்ப பாஸ் போட்ட அடையாளம்?"

"அந்தக் கிறுக்கலா? அதக் கழுவிட்டனே!"

மேசன் மணல் மேல ஒக்காந்துட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையும் வரல, சிரிப்பும் வரல, கையில மரச்சுத்தி மட்டும் இருந்துச்சு. "எறக்கிடுங்க. நான் வேற ஓட்ட போட்டுக் கொண்டு வர்றேன்"னேன். பூசாரி பதறிட்டாரு. "நல்ல நேரத்துல நிமித்துன வாசக்காலப் படுக்க வைக்கக் கூடாது! குடும்பத்துக்கு ஆவாது!" அடியில பொதைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. பொதைச்சா இன்னும் குட்டயாயிரும், அப்புறம் அத்தையும் குனியணும்னாரு மேசன். ஆளாளுக்குக் கத்துறாங்க. காத்து அடிக்குது, வாசக்கால் ஆடுது, புடிச்சிருந்தவங்க சிரிப்புல கையத் தளர்த்திட்டாங்க. அது என் மேல சாய ஆரம்பிச்சுச்சு.

அம்மா பைப்புகிட்டருந்து வந்தாங்க. நடந்துதான் வந்தாங்க, ஓடல. ஒரு கால ரெண்டு கையாலயும் புடிச்சு நிமித்தி நிறுத்துனாங்க.

"இது என் வீட்டுக்காரரு வாங்குன மரம். இங்கதான் நிக்கும். சாந்து எடுங்க மேசன்."

மேசன் சாந்து எடுத்தாரு. பூசாரி நவதானியத்தப் போட்டு, பால ஊத்தி, மந்திரத்த வேகவேகமாச் சொன்னாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் அம்மா என் பக்கம் திரும்பி, சத்தமில்லாம, "மெசின் டிக்கோயாவுக்குத்தான்"னாங்க.

சாயங்காலம் கொத்மலையிலருந்து சோமே பாஸ் வந்தாரு. வாசக்காலச் சுத்தி வந்தாரு. நடு ஓட்டைக்குள்ள ஒத்தக் கண்ண வச்சு அந்தப் பக்கம் பாத்தாரு. நான் நடந்ததச் சொன்னேன். மனுசன் கல்லு மேல ஒக்காந்து கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. அப்புறம் ஓட்டையத் தடவிப் பாத்துட்டு, "எடம் தப்பு. ஆனா ஓட்டை ஒந்தாய்"னாரு. ஒந்தாய்னா நல்லாருக்குன்னு அர்த்தம். எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு.

செவுரு எழும்புச்சு, கூர போட்டோம். கொம்பு ரெண்டையும் மேசன் செவுத்துக்குள்ளயே மறைச்சுட்டாரு. நடு ஓட்டையில பத்தி குத்தி வைக்கிறோம், அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. உள்ள, வாசலுக்கு நேரா எதிர்ச் செவுத்துல அப்பா படம்.

பால் காச்சுற அன்னிக்கு தோட்டத்து சின்ன தொரய, அதாவது பெரிய மேனேஜருக்கு அடுத்த அதிகாரிய, கூப்பிட்டிருந்தோம். வருவாருன்னு நெனைக்கல, வந்துட்டாரு. நல்ல ஒசரமான மனுசன். அப்பா அவருகிட்டப் பேசணும்னா தொப்பியக் கழட்டி, ஒடம்ப வளச்சு, ஆபீஸ் வாசல்ல நிப்பாரு. நான் பாத்திருக்கேன். இப்ப தொர எங்க வாசல்ல வந்து நிக்கிறாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு.

"காலத் தூக்குங்க தொர, தலையக் குனிங்க"ன்னாங்க அத்த உள்ளருந்து.

தொர தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. ஒரு காலத் தூக்கி, இடுப்ப வளச்சு, தலைய நல்லாத் தாழ்த்தி, அப்படியே உள்ள வந்தாரு. நிமிந்து பாத்தா எதிர்ல அப்பா.

அம்மா அடுப்பங்கரையில பால் பானைய மறந்துட்டு அதப் பாத்துக்கிட்டே நின்னாங்க. பால் பொங்கி வழிஞ்சுச்சு. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு குலுங்கறாங்க. அழுவறாங்கன்னு நெனச்சு ஓடிப் போனேன். அம்மா சிரிக்கிறாங்க. அப்பா போனப்புறம் அன்னிக்குத்தான் அம்மா சிரிச்சத நான் பாத்தேன்.

டிக்கோயாத் தம்பி மெசின எடுக்க வந்துச்சு. அம்மா வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க. "அது விக்கிறதுக்கு இல்ல தம்பி. எம் மவளுக்கு வேணும். தலையப் பாத்துப் போங்க." அந்தத் தம்பி 'ஏன்'னு கேக்க நிமிந்துச்சு. நல்லாப் பலமாத்தான் இடிச்சுக்கிச்சு, பாவம்.

இப்ப நான் ஸ்டூலு செய்யறேன், சாமி பலக செய்யறேன். கோடும் நானே போடறேன், பென்சிலாலதான். சோமே பாஸ் பஜார்ல பாத்தா, "நங்கி, இன்னிக்கு பென்சிலா, பொட்டா?"ன்னு கத்துவாரு. அத்த எங்க வீட்டுக்கு வந்தா எல்லாரும் குங்குமச் செப்ப ஒளிச்சு வைக்கிறோம். சொந்தக்காரங்க யாரும் எங்க வீட்டுல 'வாங்க'ன்னு கூப்பிட்டுக் கேட்டதில்ல. 'காலத் தூக்குங்க, தலையக் குனிங்க', அதுதான் எங்க 'வாங்க'.

எல்லாருக்கும் பழகிருச்சு. எனக்கு மட்டும் இன்னும் பழகல. நான் அப்பா ஒசரமாச்சே. வேல முடிஞ்சு, மேலெல்லாம் மரத்தூளோட, என்னமோ நெனச்சுக்கிட்டு வருவேன். டொக்.

உள்ளருந்து டீ ஊத்துற சத்தம் கேக்கும். அம்மா திரும்பிப் பாக்கறதில்ல. நானும் நெத்தியத் தேச்சுக்கிட்டே அந்தக் கட்டைகிட்டச் சொல்லுவேன்.

"சரி, இன்னிக்கும் நீதான் ஜெயிச்ச."